அயர்லாந்துக்காரர்கள் கட்டாய ஐரிஷ் பாடத்தை வெறுக்கிறார்களா?

கேள்வி: அயர்லாந்துப் பள்ளிகளில் ஐரிஷ் மொழி கட்டாயம் என்றும், பிள்ளைகள் அதை வெறுக்கிறார்கள் என்றும் படித்தேன். இதுவும் இந்தித் திணிப்பு போன்றதுதானே? பேச ஆளில்லாத மொழியால் என்ன பயன்? அடுத்த ஆண்டு ஒன்பது வயது மகனுடன் டப்ளினுக்குக் குடிபெயர்கிறோம். அவனும் படித்தாக வேண்டுமா?

பதில்:

ஐரிஷ் பாடத்தை வெறுத்தவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஐரிஷ் மொழியே வேண்டாம் என்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடத்தைத் திட்டிய அதே வாய், "பேச வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்" என்று அடுத்த மூச்சிலேயே ஏங்கும்.

நான் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிகளிடம் பேச்சுக் கொடுக்க எனக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மழை. மற்றொன்று, "பள்ளியில் ஐரிஷ் படித்தீர்களா?" என்ற கேள்வி. இரண்டாவதைக் கேட்டால் ஊசி போட்டது கூடத் தெரியாமல் பேசுவார்கள். கழிப்பறைக்குப் போக ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் ஐரிஷ் வாக்கியத்தை ஏறக்குறைய எல்லோரும் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் படித்து மிஞ்சியது இதுதான் என்று சிரிப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களாக இருந்தால் அடுத்து பெக் சேயர்ஸ் பெயர் வரும். மேற்குக் கடலில் உள்ள பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்து, வறுமையும் சாவும் நிறைந்த தன் வாழ்க்கையை வாய்மொழியாகச் சொன்ன மூதாட்டி அவர். 1936இல் வெளியான அந்தத் தன்வரலாறு பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. நான் அதை ஆங்கிலத்தில் படித்தேன், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏதோ தீராப் பகை இருந்திருக்க வேண்டும்.

எண்பதை நெருங்கிய நோயாளி ஒருவரின் கதை வேறு மாதிரி. அவர் காலத்தில் ஐரிஷில் தோற்றால் பள்ளி இறுதிச் சான்றிதழே கிடையாது, மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் சரி. 1934 முதல் 1973 வரை இதுதான் விதி. அரசு வேலைக்கும் ஐரிஷ் தேவை. கணக்கில் கெட்டிக்காரரான அவர் ஐரிஷில் தவறி, லிவர்பூலுக்குக் கப்பலேறிக் கட்டட வேலைக்குப் போனாராம். ஐரிஷைக் கட்டாயமாக்கியதன் மீதான கோபம் எங்கிருந்து வருகிறது என்று அன்று எனக்குப் புரிந்தது. 1966இல் மொழிச் சுதந்திர இயக்கம் என்று ஒன்று கிளம்பியதும், டப்ளினில் அதன் கூட்டத்தில் அடிதடி வரை போனதும் இந்த விதியால்தான். நாடகாசிரியர் ஜான் பி. கீன் அதை ஆதரித்தார். மொழியை ஒழிக்கச் சொல்லி அந்த இயக்கம் கேட்கவில்லை. பிள்ளைகளின் பிழைப்பை அதோடு கட்டிப்போடாதீர்கள் என்றுதான் கேட்டது.

இன்றைய கட்டாயம் அவ்வளவு கடுமையானதில்லை. பள்ளி முடியும்வரை ஐரிஷ் வகுப்பில் உட்கார வேண்டும். இறுதித் தேர்வை எழுதியே தீர வேண்டும் என்பதில்லை, எழுதாமல் விடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர ஐரிஷில் தேர்ச்சி கேட்பார்கள். டிரினிட்டி கல்லூரி கேட்பதில்லை. போலீசில் சேர 2005க்குப் பிறகு ஐரிஷ் கட்டாயம் இல்லை. ஆக, அந்தப் பெரியவரை வீழ்த்திய கத்தியின் முனை மழுங்கி ஐம்பது ஆண்டுகளாகின்றன. ஆனால் திட்டு மட்டும் அன்றைய சூட்டோடு தொடர்கிறது.

இந்தித் திணிப்போடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் 1937இலும் 1965இலும் தமிழ்நாடு எதிர்த்தது வேறொரு நிலத்தின் மொழியை. ஐரிஷ் இந்த மண்ணின் சொந்த மொழி, தாத்தாவின் தாத்தா பேசியது. 1831இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, பிறகு வெட்டுகளை எண்ணி அடிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. இதில் கசப்பான பகுதி, வெட்டுப் போட்டவர்களில் பெற்றோரும் இருந்தார்கள் என்பது. ஆங்கிலம் இல்லாமல் பிழைக்க முடியாது, அமெரிக்காவுக்குக் கப்பலேற முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஐரிஷைத் தாய்மொழியாகக் கொண்ட டேனியல் ஓகானல் போன்ற பெருந்தலைவரே, அம்மொழி மெல்ல மறைவதைப் பற்றித் தனக்கு வருத்தமில்லை என்றார். 1845இல் தொடங்கிய பஞ்சம் மீதியை முடித்தது. செத்த பத்து லட்சம் பேரிலும் கப்பலேறிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிலும் மேற்குப் பகுதி ஏழைகள் மிக அதிகம். ஐரிஷ் பேசியவர்கள் அவர்கள்தான். 1851 கணக்கெடுப்பில் அம்மொழி தெரிந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு.

தமிழ்நாட்டில் இணை தேடுவதானால் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்பித்தல் சட்டத்தைச் சொல்லலாம். பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் என்பது அது. ஆனால் சென்னையில் தமிழ்ப் பாடத்தில் தூங்கிய பிள்ளைக்கும் பஸ் நிறுத்தத்தில் தமிழ் கிடைத்துவிடும். டப்ளின் பஸ்ஸின் நெற்றியில் ஐரிஷ் எழுதியிருக்கும், உள்ளே ஒருவரும் பேச மாட்டார்கள். (போகிற போக்கில் ஒன்று: திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பிறந்தது இந்தத் தீவின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில். இதைச் சொன்னால் இங்கே யாரும் அசைவதில்லை, ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.)

என் பார்வையில் உண்மையான கோளாறு கட்டாயத்தில் இல்லை, கட்டாயத்தைப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது. 1922இல் விடுதலைக்கான இடைக்கால அரசு பொறுப்பேற்ற கையோடு, அந்த ஆண்டு மார்ச் 17 முதல் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் தினமும் ஒரு மணி நேரமாவது ஐரிஷ் என்று ஆணை வந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கே மொழி தெரியாது, கோடை விடுமுறையில் அவர்களை உட்காரவைத்துக் கற்பித்தார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்ட மழலைகளுக்கு முழுக்க ஐரிஷிலேயே வகுப்பு நடத்தச் சொன்னார்கள். ஆசிரியர் சங்கமே 1941இல் அதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு கேட்ட நாடு, தன் அலுவலகங்களிடம் என்ன கேட்டது? அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது, ஆனால் ஒரு அரசு அலுவலகத்தில் ஐரிஷில் காரியத்தை முடிக்க முயன்று பாருங்கள். அரசு சொன்னதைச் செய்வதில்லை என்று மனம் வெறுத்து, நாட்டின் முதல் மொழி ஆணையர் 2013 டிசம்பரில் பதவி விலகலை அறிவித்தார். 2030க்குள் பொதுப்பணிக்குப் புதிதாகச் சேர்ப்பவர்களில் 20 சதவீதம் ஐரிஷ் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2021இல். விடுதலைக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து!

ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் பகுதிகளை கேல்டாக்ட் என்பார்கள். கால்வே, டோனிகால், கெர்ரி, மேயோ கடற்கரைகளில் திட்டுத் திட்டாக இருக்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் கோடையில் மூன்று வாரம் அங்கே வீடுகளில் தங்கி மொழி பழகுவார்கள். பாடத்தை வெறுத்தவர்கள் கூட அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்வார்கள். இரவு நடனம், முதல் காதல் எல்லாம் அங்கேதான். அந்த ஊர்களிலேயே பிறந்த இளைஞர்களுக்கு இன்று வாடகைக்குக் கூட வீடு கிடைப்பதில்லை. விடுமுறை வீடுகளாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மொழி பேசும் குடும்பம் ஊரை விட்டுப் போக, பேசாத பிள்ளை நகரத்தில் இலக்கணம் படிக்கிறது.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி இறுதித் தேர்வில் வாய்மொழிக்கு 40 சதவீத மதிப்பெண் என்று 2012இல் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் படத்தொடர்களைப் பார்த்துக் கதை சொல்லும் பகுதிக்கு, பிள்ளைகள் எல்லாத் தொடர்களுக்கும் கதைகளை எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பேச்சுத் திறனைச் சோதிக்க வந்ததும் மனப்பாடமாகிப் போனது. இதில் மட்டும் அயர்லாந்தும் நம் ஊரும் ஒன்றுதான்.

கட்டாயம் வேண்டாம் என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு, பெல்ஃபாஸ்ட். பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வடக்கு அயர்லாந்தில் ஐரிஷ் கட்டாயமே இல்லை. நெடுங்காலம் அரசு அதை ஆதரித்ததும் இல்லை. 1960களின் இறுதியில் சில குடும்பங்கள் ஷாஸ் ரோட்டில் தாங்களே வீடு கட்டி ஐரிஷ் மட்டும் பேசி வாழத் தொடங்கின. 1971இல் பள்ளியும் திறந்தார்கள். 1984 வரை அரசு ஒரு காசு கொடுக்கவில்லை. இன்று ஐரிஷில் ராப் பாடி உலகம் சுற்றும் நீகேப் குழுவும் வடக்கிலிருந்துதான் வருகிறது. விருப்பம் இருந்தால் போதும், ஆணை எதற்கு என்று இதை வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் மேல் எனக்கு மரியாதை மிக உண்டு. ஆனால் சமூகமே முற்றுகைக்குள் வாழ்ந்த இடத்தில் பிறந்த வைராக்கியம் அது. வசதியாக வாழும் டப்ளின் புறநகரில் அந்த வைராக்கியத்தை யார் போய் விதைப்பது? விருப்பப் பாடமாக்கினால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிப்பார்கள், மற்றவர்கள் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் பாடத்துக்குப் போவார்கள்.

2022 கணக்கெடுப்பின்படி ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர், 40 சதவீதம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் 71,968 பேர். முதல் எண்ணில் நிறையப் பொய் இருக்கிறது, கழிப்பறை வாக்கியம் மட்டும் தெரிந்தவரும் அதில் கைதூக்கியிருப்பார். ஆனாலும் அந்தப் பொய்யே எனக்குச் சுவாரசியமானது. வெறுக்கும் மொழியைத் தெரியும் என்று யாராவது கணக்கெடுப்பில் பொய் சொல்வார்களா? 2011 தேர்தலில் ஃபினகேல் கட்சி, மேல்நிலையில் ஐரிஷை விருப்பப் பாடமாக்கலாம் என்று வாக்குறுதி கொடுத்தது. மாணவர்களே எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது, வாக்குறுதி காற்றோடு போயிற்று.

பயன் என்ன என்று கேட்டீர்கள். கட்டாயம் பேச்சாளர்களை உருவாக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். முப்பது வயதில் திரும்பி வர ஆசைப்படுபவருக்குப் பாதி வழியை அது போட்டு வைத்திருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மகள் பிறந்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தார், மறந்தது எல்லாம் சில மாதங்களில் மேலே வந்துவிட்டதாகச் சொல்கிறார். தாங்கள் திட்டிக்கொண்டே படித்த மொழியில் தங்கள் பிள்ளைகள் முழுநேரம் படிக்கட்டும் என்று கேல்ஸ்கோல் எனப்படும் ஐரிஷ் வழிப் பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கும் பெற்றோரும் இவர்கள்தான். ஸ்பெயினுக்குச் சுற்றுலா போனால், பக்கத்து மேசைக்காரர்களுக்குப் புரியாமல் வம்பு பேச ஐரிஷ் உதவுகிறது என்றார் இன்னொருவர். மொழியின் பண்பாட்டுப் பயன்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் மகன். பன்னிரண்டு வயது வரை வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். பதின்மூன்று வயதில் வந்த என் மூத்த மகளுக்குக் கிடைத்தது. ஐரிஷ் நேரத்தில் அவள் வேறு பாடம் படித்தாள், அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. கடுமையான எழுத்தறிதல் சிக்கல் போன்ற வேறு காரணம் இருந்தால் பள்ளியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் இல்லையென்றால் விலக்குக்கு அலையாதீர்கள். இங்கேயே மழலை வகுப்பில் சேர்ந்த என் இளையவன், தமிழும் ஆங்கிலமும் கலந்த வீட்டில் மூன்றாவதாக வந்த இந்த மொழியைப் பற்றிப் புகார் சொன்னதே இல்லை. முதல் ஆண்டு உங்கள் மகன் முழிப்பான், ஆசிரியர்கள் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள். வருவதற்கு முன் டிஜி4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சிகளைக் காட்டுங்கள், காது பழகும். பின்னாளில் அவன் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்பினால், இறுதித் தேர்வில் உயர்நிலை (கடினமான தாள்) ஐரிஷில் நல்ல மதிப்பெண் இல்லாமல் பயிற்சிக்கே சேர முடியாது.

பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது பெயரில் கேல்ஸ்கோல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கணக்கும் அறிவியலும் கூட ஐரிஷில்தான் நடக்கும். மழலை வகுப்பில் சேர்பவருக்கு அது அருமையான இடம், மூன்றாம் வகுப்பில் திடீரென்று நுழையும் பிள்ளைக்குக் கஷ்டம். சாதாரணப் பள்ளியில் சேருங்கள்.