‘லால்’ என்று முடிகிறதா, அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. காலையும் இரவும் இன்ஹேலர் எடுத்துக்கொள்வதால் பல வருடங்களாகப் பெரிய தொந்தரவு இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ரத்த அழுத்தம் 160/100 என்று வந்தது. டெல்மிசார்ட்டனும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். நான்கைந்து நாளாக இரவில் லேசாக இழுக்கிறது. மருந்துக் கடையில், “ஆஸ்துமா இருக்கிறவங்க இதைச் சாப்பிடலாமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? இன்ஹேலரும் இதயத்துக்கு ஆகாது என்கிறார்களே, அதையும் குறைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். மாத்திரை எழுதிக் கொடுத்தவரை இன்றைக்கே தொடர்புகொண்டு, “எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு இரவில் இழுக்கிறது” என்று சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ போன் செய்துகொண்டிருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மாத்திரையில் இருக்கும் டெல்மிசார்ட்டன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அது மூச்சுக்குழாயைத் தொடுவதில்லை. சந்தேகம் மெட்டோப்ரோலால்மேல்தான். அது பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது.

அட்டையின் பின்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் உண்மையான மருந்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரின் கடைசி அசையைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால், ப்ரொப்ரனலால், கார்வெடிலால், லேபெட்டலால், சோட்டலால் என்று ‘லால்’ வந்தால் அது பீட்டா பிளாக்கர். உங்களுடையதைப் போலக் கூட்டு மாத்திரையாக இருந்தால் இரண்டு மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கும். முதல் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பாராசிட்டமால், உடனடி நிவாரண இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் போன்றவை ‘மால்’, அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் சால்புட்டமால், பீட்டா பிளாக்கருக்கு நேர் எதிரி.

எதிரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்று உடம்பின் பல இடங்களில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு வகை உண்டு என்று 1948-ல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் சொன்னார். பீட்டாவிலும் இரண்டு உண்டு என்பது 1967-ல் தெளிவானது. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1. அட்ரினலின் அதில் உட்கார்ந்தால் இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் பீட்டா-2. அதில் உட்கார்ந்தால் தசை தளர்ந்து குழாய் விரியும். சால்புட்டமால் இன்ஹேலர் வேலை செய்வது இந்த பீட்டா-2 வழியாகத்தான். பீட்டா பிளாக்கர் என்ன செய்கிறது என்றால், துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துவைத்துவிடுகிறது. இதயத்தில் பிடித்தால் நமக்கு லாபம். மூச்சுக்குழாயில் பிடித்தால் குழாய் சுருங்குகிறது. அதை விரிக்க நீங்கள் எடுக்கும் சால்புட்டமாலுக்கும் உட்கார இடமில்லாமல் போகிறது. ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்தே இந்த இரண்டாவது விஷயம்தான்.

அட்டையைக் கொண்டுபோகச் சொன்னதும் இதற்காகத்தான். சால்புட்டமால் எடுபடாத நிலையிலும் ஐப்ரட்ரோப்பியம் என்ற மருந்து உதவக்கூடும். அது பீட்டா-2 பக்கமே போகாமல் வேறு வழியாகக் குழாயை விரிக்கிறது. நீங்கள் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால் அங்கிருக்கும் மருத்துவர் அதை முன்கூட்டியே நெபுலைசரில் சேர்ப்பார்.

எல்லா ‘லால்’களும் ஒரே மாதிரி அல்ல. முதலில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த ப்ரொப்ரனலால், பீட்டா-1, பீட்டா-2 என்று பேதம் பார்ப்பதில்லை. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதய மருத்துவத்துக்கு அது பெரிய கொடை. ஆஸ்துமாக்காரருக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. கார்வெடிலால், லேபெட்டலால், சோட்டலால், நாடலால் ஆகியவையும் அப்படியே. அட்டெனலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால் நான்கும் இதயத்தைத் தேர்ந்து பிடிப்பவை. ஆனால் ‘தேர்ந்து’ என்பதை வேலி போட்டதுபோல் நினைத்துக்கொள்ளக் கூடாது. டோஸ் ஏற ஏற அந்தத் தேர்வு கரைந்துகொண்டே போகும். ஆளுக்கு ஆளும் மாறும்: ஒருவருக்குக் குறைந்த டோஸிலேயே இழுக்கும், இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு நான்கைந்து நாளாக இழுப்பது தூசியாலோ ஜலதோஷத்தாலோகூட இருக்கலாம். ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு வந்திருப்பதால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை மாத்திரையைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவேன்.

அப்படியென்றால் ஏன் இன்றே தூக்கிப் போடச் சொல்லவில்லை? பீட்டா பிளாக்கரை நாள்கணக்கில் எடுக்கும்போது இதயம் அந்தக் கடிவாளத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று அவிழ்த்துவிட்டால் படபடப்பு, ரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் வரும். இதய ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்புகூட வந்திருக்கிறது. அதனால் வழக்கமாக ஒன்றிரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்போம். நீங்கள் மூன்று வாரம்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். டோஸும் குறைவாக இருந்தால் உங்கள் மருத்துவர் வேகமாகவே மாற்றிவிடலாம். அவர் அதை எதற்காகக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. வெறும் ரத்த அழுத்தத்துக்கா, இசிஜியில் ஏதாவது பார்த்தாரா? முடிவு அதைப் பொறுத்தது.

ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றால், ஆஸ்துமா உள்ளவருக்கு பீட்டா பிளாக்கர் கொடுக்க வேண்டிய அவசியமே அநேகமாக வராது. வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ஓல்மெசார்ட்டன் என்று ‘சார்ட்டன்’ குடும்பம் ஒன்று. ஆம்லோடிபின், சில்னிடிபின் என்று ‘டிபின்’ குடும்பம் இன்னொன்று. கணுக்கால் வீக்கம் சிலருக்கு வரும், மூச்சுக்குத் தொந்தரவு இல்லை. குளோர்தாலிடோன், இண்டாபமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகளும் கொடுக்கலாம். ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைக்கும். அடிக்கடி எடுக்கும் சால்புட்டமாலும், வாய்வழி ஸ்டீராய்டும் அதையே செய்யும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாக வாய்ப்பு உண்டு. அப்படிச் சேர்கிறவர்கள் அவ்வப்போது ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதையே மாறுவது மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும், சில வகைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும்தான். அவர்களில் பலருக்கு பீட்டா பிளாக்கர் உயிர் காக்கும் மருந்து. ஆஸ்துமா என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் அதை மறுத்துவிடுவதும் தவறு. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால், இதயத்தைத் தேர்ந்து பிடிக்கும் மருந்தை மிகக் குறைந்த டோஸில், மருத்துவர் கண்காணிப்பில் ஆரம்பித்துப் பார்ப்பது உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாயில் தினமும் காலையும் மாலையும் ஊதி, எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்வோம். வழக்கமான எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் யோசிக்க வேண்டும். துடிப்பின் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டிய சிலருக்கு ஐவாப்ரடின் உண்டு. அது பீட்டா இருக்கை எதிலும் உட்காருவதில்லை. இதெல்லாம் இதய மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டியவை. இருவரும் ஒருவரோடொருவர் பேசுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்; ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் மேசையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.

உங்கள் மருத்துவர் மாத்திரையை மாற்றும்போது ராமிப்ரில், எனலாப்ரில் என்று ‘ப்ரில்’ ஒன்றைக் கொடுத்தால் இதை நினைவில் வையுங்கள். இந்த வகையால் ஆஸ்துமா வருவதில்லை. ஆனால் நூற்றில் ஐந்து முதல் இருபது பேருக்கு வறட்டு இருமல் வரும். தொண்டையில் இறகால் வருடுவதுபோல் ஒரு கரகரப்பு, சளியே வராத இருமல், படுத்தால் அதிகம். மறுநாளே தொடங்கலாம், மாதக்கணக்கில் கழித்தும் தொடங்கலாம். ஆஸ்துமாக்காரர் இருமினால் எல்லோரும் ஆஸ்துமாவையே பார்ப்பார்கள். இன்ஹேலர் டோஸ் ஏறும், இருமல் மருந்து இரண்டு பாட்டில் காலியாகும், இருமல் அப்படியே இருக்கும். இழுப்புச் சத்தம் இல்லாமல், பீக் ஃப்ளோ எண் இறங்காமல், இன்ஹேலருக்கு மசியாமல் இருமல் மட்டும் இருந்தால் ‘ப்ரில்’லைச் சந்தேகியுங்கள். ‘சார்ட்டன்’ வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்வரைகூட நீடிக்கும். உதடோ நாக்கோ வீங்கினால் அது வேறு, அவசரம்.

இதய மருத்துவரிடம் போகும்போது நீங்களும் உஷார், அவரும் உஷார். நான் அதிகம் கவலைப்படுவது, யாருமே உஷாராக இல்லாத இடங்களைப் பற்றித்தான். ஒற்றைத் தலைவலிக்கும், கை நடுக்கத்துக்கும், மேடைப் பதற்றத்துக்கும், தைராய்டு அதிகமானால் வரும் படபடப்புக்கும் ப்ரொப்ரனலால் கொடுப்பது வழக்கம். “எனக்குத் தலைவலிக்கு நல்லா கேட்டுச்சு” என்று வீட்டில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு மாத்திரையைப் பிய்த்துக் கொடுப்பது அதைவிட வழக்கம்.

கண் சொட்டு மருந்து இன்னும் மோசம், ஏனென்றால் அதை யாரும் மருந்து என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. க்ளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு மருந்து உண்டு. கடைசி அசையைக் கவனித்தீர்களா? கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர் வடியும் சின்னத் துளை வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. மூக்குச் சவ்வு அதை ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் முதலில் ஒரு பகுதியை அழித்துவிடும். இந்தக் குறுக்கு வழியில் அந்தச் சுங்கச்சாவடி இல்லை. ஒரே ஒரு சொட்டில் கடுமையான மூச்சுத்திணறல் வந்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் ரத்தத்தில் சேர்வது குறையும் என்பது உண்மைதான். அதை நம்பி ஆஸ்துமாக்காரர் டிமோலால் போட்டுக்கொள்ளக் கூடாது. லட்டானோப்ரோஸ்ட் போன்ற வேறு சொட்டுகளைக் கேட்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு மாதமாக இழுப்பு. மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பினார், ஒன்றிலும் தவறில்லை. எழுந்து போகும்போது, “கண்ணுக்கு ஒண்ணு விடுறேன், அதுவும் சொல்லணுமா டாக்டர்?” என்று கேட்டார்.

ஆஸ்பிரினையும் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்காக 75 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். பெரும்பாலான ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் நூற்றில் ஏழு பேருக்கு ஆஸ்பிரினும் ஐப்யூபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்துமாவைக் கிளப்பும். மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமை, வலி மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் இழுப்பு, இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்ததா? இருந்தால் ஆஸ்பிரின் எழுதும்முன் சொல்லுங்கள். க்ளோப்பிடோக்ரெல் போன்ற மாற்று உண்டு.

இரவில் இழுப்பதெல்லாம் ஆஸ்துமாவும் அல்ல. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் இழுக்கும். தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை கூடிக்கொண்டே போகிறதா, கால் வீங்குகிறதா, எழுந்து உட்கார்ந்தால் மூச்சு சரியாகிறதா? ரத்த அழுத்தம் 160/100 இருந்த உங்களுக்கு இதையும் மருத்துவர் விலக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று போதும்.

கடைசியாக இன்ஹேலர். குறைக்காதீர்கள். காலையும் இரவும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. வழக்கமான டோஸில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் அளவுக்கு அது போவதில்லை. அதை விட்டுவிட்டு ஆஸ்துமா முற்றிப்போய் வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தால், அதுதான் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். சால்புட்டமால் எடுத்ததும் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிறகு அடங்கிவிடும். அதை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேட வேண்டியிருந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ‘சளித் தொந்தரவு’, ‘டஸ்ட் அலர்ஜி’, ‘கொஞ்சம் வீசிங்’ என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், ஆஸ்துமா என்றே சொல்லுங்கள். ‘டஸ்ட் அலர்ஜி’ என்று கேட்ட எந்த மருத்துவருக்கும் மெட்டோப்ரோலால் எழுதுவதற்குக் கை தயங்காது.