திறமூல மென்பொருள் இலவசம்தானே, அதன் பராமரிப்புக்கு எதற்குப் பணம்?

திறமூல மென்பொருள் என்றால் நிரல் திறந்தே இருக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். பராமரிப்பு என்பது அதன்பின் வரும் ஓயாத வேலை: பிழை திருத்துவது, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது, அடுத்தவர் அனுப்பும் திருத்தங்களை வரிவரியாகப் படித்துச் சேர்ப்பது.

அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எல்லாருக்கும் வேண்டும்; பல்பு போனால் மட்டும் 'வேறு யாராவது மாற்றுவார்கள்'. பணம் வராததற்குக் காரணம் இதுதான்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுப்பை நம்பித்தான் பெருவாரியான இணையதளங்கள் கடவுச்சொல்லைப் பாதுகாத்தன. 2014-இல் அதில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோதுதான் தெரிந்தது: முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர், நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்! அதற்குப் பிறகே பெரிய நிறுவனங்கள், திறமூலத் திட்டங்களுக்கு ஆதரவு தரும் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் போட்டன.

2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல்தொகுப்பில் நடந்த விவகாரம் இன்னும் மோசம். தனியாளாகக் களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் வந்தவர், ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்துக் கள்ளவழி ஒன்றைச் சொருகிவிட்டார். கணினிக்குள் தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஒரு பொறியாளரால் அது அகப்பட்டது.

ஜெர்மனி 2022 முதல் இதற்கு அரசுப் பணமே தருகிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் 'ஸ்பான்சர்ஸ்' போன்ற வழிகளில் தனிநபரும் மாதாமாதம் தரலாம். ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட மாதச் சம்பளம்போல் வருவதே உதவும் என்பது என் கருத்து.

பணம் கொடுத்தால் அது கட்டண மென்பொருளாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உரிமம் மாறுவதில்லை, பணம் உழைப்புக்குத்தான்.