இறந்தவர்களோடு பேச்சும் மறுபிறவியும்: ஆலன் கார்டெக்கின் கொள்கை பற்றிய கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி, இன்று பிரேசிலில் வேரூன்றி நிற்கும் ஸ்பிரிட்டிசம், அதாவது இறந்தவர்களின் ஆவிகளோடு பேசலாம், ஆன்மா மீண்டும் மீண்டும் பிறக்கும் என்று ஆலன் கார்டெக் வகுத்த கொள்கை பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் இந்தக் கொள்கையைப் பின்பற்றுபவன் இல்லை. அதன் மூலநூல்களையும் வரலாற்றையும் நெடுங்காலமாகப் படித்து வருபவன். உறவை இழந்தவர்களின் துயரம் கலந்த பொருள் இது என்பதால், நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் புண்படுத்தாமல், ஆனால் எதையும் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: ஆலன் கார்டெக் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்கிறார்கள். அவர் எப்படி ஆவிகளின் பக்கம் போனார்?

பதில்: அவருடைய இயற்பெயர் இப்போலித் லெயோன் தெனிசார் ரிவாய். 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலோசி நடத்திய பள்ளியில் படித்து, பிறகு பாரிஸில் ஆசிரியராகி, கணக்கும் இலக்கணமும் கற்பிக்கும் பாடநூல்களை எழுதியவர். 1853 முதல் பாரிஸ் வீடுகளில், மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைத்து, மேசை சுழல்வதையும் கால் தட்டுவதையும் வேடிக்கை பார்க்கும் பழக்கம் பரவியிருந்தது. மேசை கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, மேசைக்குச் சிந்திக்க மூளையும் உணர நரம்பும் உண்டென்று யாராவது நிறுவினால் நம்புகிறேன் என்றுதான் ரிவாய் மறுமொழி கூறினார். 1855-இல் நேரில் பார்த்த பிறகுதான் அவர் மனம் மாறியது.

அதன்பின் அவர் செய்தது முழுக்க ஓர் ஆசிரியரின் வேலை. கடவுள், ஆன்மா, மரணம், துன்பத்தின் காரணம் என்று வரிசைப்படுத்திக் கேள்விகளை எழுதிக்கொண்டு போய், ஆவிகளுக்கும் மனிதருக்கும் இடையே செய்தி கடத்துவதாகச் சொல்லும் வெவ்வேறு மீடியங்கள் வழியாகக் கிடைத்த விடைகளை ஒப்பிட்டு, தொகுத்து, 1857 ஏப்ரல் 18 அன்று 'ஆவிகளின் நூல்' என்ற பெயரில் வெளியிட்டார். முதற்பதிப்பில் 501 கேள்விகள் இருந்தன; 1860-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை 1000-த்தைக் கடந்தன. முற்பிறவி ஒன்றில் தமக்கு இருந்ததாக ஓர் ஆவி கூறிய பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். 1858-இல் ஒரு மாத இதழையும் ஒரு சங்கத்தையும் தொடங்கி, 1869-இல் இறக்கும் வரை இந்தப் பணியிலேயே இருந்தார்.

கேள்வி: அமெரிக்காவின் ஃபாக்ஸ் சகோதரிகள் தொடங்கியதும் இதுவும் ஒன்றுதானே? அவர்கள் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்ட பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?

பதில்: ஊற்று ஒன்று, ஓடிய திசை வேறு. 1848 மார்ச் 31 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமிகள் இருவர் சுவரில் எழுந்த தட்டல்களோடு கேள்வி பதில் நடத்தியதாகச் செய்தி பரவியது. அங்கிருந்து வளர்ந்த ஆங்கில அமெரிக்க இயக்கம், இறந்தவர் வாழ்கிறார், அவரோடு பேசலாம் என்ற அளவில் நின்றது. அதில் பலர் மறுபிறவியை வெளிப்படையாகவே மறுத்தார்கள். கார்டெக்குக்கோ மறுபிறவிதான் அடித்தளம். ஆவிகளோடு பேசுவது அதை அறிந்துகொள்ளும் வழி மட்டுமே.

1888-இல் மார்கரெட் ஃபாக்ஸ் நியூயார்க்கில் மேடையேறி, கால் விரல் மூட்டுகளை நொடித்தே அந்த ஒலிகளை எழுப்பியதாகச் செய்து காட்டினார்; அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். முதல் வாக்குமூலமே உண்மைக்கு அருகில் இருப்பதாக நான் கருதுகிறேன். ஆயினும் கார்டெக்கின் நூல்களை அவற்றில் உள்ளதைக் கொண்டே எடைபோட வேண்டும். ஹைட்ஸ்வில் சுவரை மட்டும் வைத்துத் தள்ளிவிட முடியாது.

கேள்வி: மறுபிறவி நமக்குப் புதிதல்ல. நம் கர்மக் கொள்கைக்கும் கார்டெக் சொல்வதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: மூன்று இடங்களில் வேறுபாடு பெரிது. முதலாவதாக, கார்டெக்கின் கொள்கையில் ஆன்மா ஒருபோதும் பின்வாங்குவதில்லை. மனிதனாகப் பிறந்த ஆன்மா விலங்காகவோ செடியாகவோ மீண்டும் பிறக்கும் என்பதை அவர் திட்டவட்டமாக மறுத்தார். ஒரு பிறவியில் முன்னேறாமல் தேங்கி நிற்கலாம். பெற்ற அறிவையும் பண்பையும் இழந்து கீழே இறங்க முடியாது.

இரண்டாவதாக, அடுத்த பிறவியின் சோதனைகளை ஆன்மாவே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. இரு பிறவிகளுக்கு இடைப்பட்ட காலத்தில், தன் குறைகளை உணர்ந்த ஆன்மா, தனக்கு எது திருத்தமாக அமையும் என்று எண்ணி வறுமையையோ செல்வத்தையோ நோயையோ வேண்டிக்கொள்கிறது. செல்வமும் அதிகாரமும்கூட அவர் கணக்கில் சோதனைகளே, அதுவும் கடினமான சோதனைகள். இந்தக் கருத்தில் ஓர் ஆறுதல் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. துன்பப்படுகிறவரைப் பார்த்து 'நீயே கேட்டு வாங்கியது' என்று சொல்லிக் கடந்துபோக அது வழிவிடும். அதை உணர்ந்துதான் கார்டெக், பிறர் துன்பத்தைத் துடைப்பதே ஒவ்வொருவரின் கடமை என்றும், அறமின்றி மீட்சியில்லை என்றும் 1864-இல் வெளியிட்ட நூலில் அழுத்தி எழுதினார்.

மூன்றாவதாக, பிறவியை அறுத்து விடுபடுவது என்ற நம் சமயங்களின் ஏக்கம் அங்கே அந்த வடிவில் இல்லை. ஆன்மா தூய்மையடைந்தால் உடலெடுக்கும் தேவை தீரும் என்று அவரும் சொல்கிறார். ஆனால் பிறவியைச் சுமையாகப் பார்க்காமல் பள்ளி வகுப்பைப் போலப் பார்க்கிறார். இந்த உலகம் பிராயச்சித்தத்துக்கும் சோதனைக்கும் உரிய உலகம். இதைவிடத் தாழ்ந்தவையும் உயர்ந்தவையுமாக மக்கள் வாழும் உலகங்கள் பல உண்டு என்பது அவர் கொள்கை. சாதியோ பாலினமோ ஆன்மாவுக்குக் கிடையாது. ஆணாக வாழ்ந்தது பெண்ணாகவும், பெண்ணாக வாழ்ந்தது ஆணாகவும் பிறக்கும்.

கேள்வி: முற்பிறவி நினைவில் இல்லாவிட்டால் தண்டனையால் என்ன பயன்?

பதில்: கார்டெக்கிடமே இந்த ஆட்சேபம் வைக்கப்பட்டது. நேற்றைய பகைவன் இன்று மகனாகப் பிறந்திருக்கலாம். நினைவிருந்தால் இருவருமே வாழ முடியாது, ஆகவே மறதி ஓர் அருள் என்று அவர் விடை தந்தார். நிகழ்ச்சிகள் மறந்தாலும் இயல்புகளும் மனச்சான்றின் குரலும் எஞ்சும் என்றார். கேட்க இதமாக இருந்தாலும், சரிபார்க்க வழியில்லாத விடை இது.

கேள்வி: அந்தக் கூட்டங்களில் உண்மையில் என்னதான் நடக்கும்?

பதில்: தொடக்க காலத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு கூடையின் அடியில் பென்சிலைச் செருகி, முனை தாளில் படும்படி நிறுத்தி, மீடியம் கூடையின் விளிம்பில் விரல்களை வைப்பார். கூடை நகர, எழுத்துகள் பிரிவில்லாமல் ஒரே கோடாக ஓடும். பிறகு கூடை தேவையில்லை என்று பென்சிலைக் கையிலேயே பிடித்து எழுதும் முறை வந்தது.

ஆன்மாவையும் உடலையும் இணைக்கும் நுண்ணுடல் ஒன்று உண்டு, மரணத்துக்குப் பிறகும் அது ஆன்மாவைப் போர்த்தியிருக்கும், அதன் வழியாகவே ஆவி மீடியத்தின் மீது செயல்படுகிறது என்பது கார்டெக் தந்த விளக்கம். நம் சூக்கும உடல் என்ற கருத்துக்கு இது வெகு அருகில் வருகிறது.

இன்று பிரேசிலில் உள்ள ஒரு மையத்துக்குப் போனால், பெரும்பாலும் எளிய கூடமும் நாற்காலிகளும்தான் இருக்கும். பிரார்த்தனை, கார்டெக்கின் நூலிலிருந்து வாசிப்பு, அதன்மேல் ஒரு சொற்பொழிவு, பிறகு தலைக்கு மேல் கைகளை அசைத்து ஆற்றல் தருவதாகக் கருதப்படும் சடங்கு, இறுதியில் மந்திரித்த நீர் போல ஒரு குவளைத் தண்ணீர். பூசாரி, படையல், கட்டணம் எதுவும் இல்லை. ஆவிகளோடு பேசும் அமர்வு தனியாக, பயிற்சி பெற்ற சிலரோடு மட்டும் நடக்கும்.

கேள்வி: ஆவிகளிடம் கேள்வி கேட்க எழுத்துகள் எழுதிய ஓஜா பலகையை நான் நண்பர்களோடு வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் தள்ளவில்லை, ஆனால் அது நகர்ந்தது. இதற்கு என்ன விளக்கம்?

பதில்: யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை என்பதை நம்புகிறேன். 1853-இலேயே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, சுழலும் மேசைகளை வைத்து இதைச் சோதித்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மெழுகு கலந்த இளகிய பசையை வைத்தார். மேசை தானாக நகர்ந்திருந்தால் அடியில் உள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். சோதித்தபோது மேலே இருந்த அட்டைகளே முந்தி நகர்ந்திருந்தன. அதாவது கைகள் மேசையை இழுத்தன. அடுத்து, கையின் மிகச் சிறு அசைவையும் காட்டும் ஒரு முள்ளை அமைத்தார். அமர்ந்திருந்தவர்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த வரை மேசை நகரவே இல்லை. முள் மறைக்கப்பட்டதும் நகர்ந்தது.

எதிர்பார்ப்பு தசையை இயக்கும், இயக்குபவருக்கே அது தெரியாது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, இந்தத் துறையில் செய்யப்பட்ட ஆய்வுகளில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. அது யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. கார்டெக்கின் ஆதரவாளர்கள், அறிவுள்ள விடைகள் எங்கிருந்து வந்தன என்பதை இது விளக்கவில்லை என்றார்கள். மேசையில் இருந்தவர்களின் உள்ளத்திலிருந்து வந்தவை என்பதே எளிய விடை என நான் எண்ணுகிறேன்.

கேள்வி: ஆவிகளின் புகைப்படங்கள் எடுக்கப்பட்டனவே?

பதில்: 1875-இல் பாரிஸில் புகே என்ற புகைப்படக்காரர் கைது செய்யப்பட்டு, பொம்மைத் தலைகளும் துணிகளும் வைத்து ஒரே தகட்டில் இருமுறை படமெடுத்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கார்டெக்குக்குப் பின் இதழை நடத்திய லெமரியும் அவரோடு சிறைத்தண்டனை பெற்றார். பொம்மைத் தலைகளை நேரில் காட்டிய பிறகும், சாட்சிக்கூண்டில் ஏறிய சிலர், அது தங்கள் இறந்த உறவினரின் முகமே என்று உறுதியாகச் சொன்னார்கள். துயரத்தில் இருக்கும் கண் எதைக் காண விரும்புகிறது என்பதற்கு இதைவிட வருத்தமான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: பிரேசிலில் இறந்தவரின் கடிதத்தை நீதிமன்றமே ஏற்றது உண்மையா?

பதில்: உண்மை. சிக்கோ ஷாவியேர் என்ற மீடியத்தின் கதையோடு சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். 1910-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, அரசுப் பண்ணை ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1932-இல், இறந்துபோன கவிஞர்கள் தம் கை வழியாக எழுதியவை என்று சொல்லி ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2002-இல் இறக்கும் முன் 400-க்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. அவற்றின் வருவாயில் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் அறப்பணிகளுக்கே எழுதிக் கொடுத்தார்.

1944-இல் உம்பெர்த்தோ தெ காம்போஸ் என்ற எழுத்தாளரின் மனைவி வழக்குத் தொடுத்தார். தம் கணவர் இறந்து பத்தாண்டுகள் ஆன நிலையில், அவர் பெயரில் ஷாவியேர் எழுதும் நூல்களை உண்மையில் எழுதியவர் கணவர்தானா என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும், ஆம் என்றால் உரிமைத்தொகை குடும்பத்துக்குச் சேர வேண்டும் என்பது கோரிக்கை. இறந்தவருக்குச் சட்ட உரிமை இல்லை என்று கூறி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதற்குப் பின் அந்த எழுத்துகள் வேறு பெயரில் வெளியாயின.

நீங்கள் கேட்பது 1979-இல் கோயாஸ் மாநிலத்தில் நடந்தது. துப்பாக்கி வெடித்து நண்பனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் ஒருவரின் வழக்கில், அது விபத்தே என்று, கொல்லப்பட்ட நண்பன் ஷாவியேரின் கை வழியாக எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தையும் நீதிபதி கருத்தில் கொண்டு விடுதலை செய்தார். ஷாவியேர் பணம் பறித்தார் என்று என்னால் சொல்ல முடியாது. அவருடைய எளிமையை நான் மதிக்கிறேன். ஆனால் கடிதம் கேட்டு வந்த குடும்பங்கள் முன்பே அவரோடும் உதவியாளர்களோடும் பேசியிருந்தார்கள் என்ற மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. ஒருவருடைய சுதந்திரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சியை அனுமதிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அது நாளை ஒருவரைத் தண்டிக்கவும் பயன்படலாம் அல்லவா?

கேள்வி: சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் முரண்பட்ட தொடர்பு. பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் 1874-இல் வெர்மான்ட்டில், ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு பண்ணை வீட்டில்தான் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சபையைத் தொடங்கி, 1882-இல் தலைமையிடத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தார்கள். பிளாவட்ஸ்கியோ, அமர்வுகளில் பேசுவது இறந்தவரின் உயர்ந்த பகுதி இல்லை, அவர் கழற்றிப்போட்ட வெற்றுக் கூடு என்று சொல்லி, மீடியங்களை நாடுவதையே கண்டித்தார்.

கேள்வி: என் மகள் போன வருடம் இறந்துவிட்டாள். அவளோடு பேச வைப்பதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். முதலில் சிறு தொகை, இப்போது பெரிய தொகை கேட்கிறார். அவள் வைத்திருந்த செல்லப்பெயரைச் சரியாகச் சொன்னார். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். செல்லப்பெயர் உங்கள் முகநூல் பதிவிலோ, பிறந்தநாள் வாழ்த்திலோ, உறவினர் எழுதிய இரங்கல் குறிப்பிலோ இருந்திருக்கக்கூடும். நீங்களே முதல் உரையாடலில் சொல்லியிருக்கவும் கூடும்.

நான் இதைச் சந்தேகத்தால் மட்டும் சொல்லவில்லை. கார்டெக்கின் நூல்களே இதைத்தான் சொல்கின்றன. மீடியமாக இருப்பது பிழைப்புக்கான தொழில் ஆகக்கூடாது, கட்டணம் கேட்பவரை நம்பாதீர்கள், எந்த ஆவியும் நாம் குறித்த நேரத்துக்கு வரக் கடமைப்பட்டதில்லை என்று 1861-இல் வெளியான 'மீடியங்களின் நூல்' எச்சரிக்கிறது. ஒரு பொய்யை ஏற்பதைவிடப் பத்து உண்மைகளைத் தள்ளுவது மேல் என்ற அறிவுரையும் அதே நூலில் உள்ளது. ஷாவியேர் தம்மிடம் வந்த தாய்மார்களிடம், தொலைபேசி அங்கிருந்துதான் இங்கே ஒலிக்கும், இங்கிருந்து அங்கே அழைக்க முடியாது என்று சொல்வது வழக்கம். இந்த வழியில் உண்மையான நம்பிக்கை உள்ளவர்கள் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டார்கள். மகளுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள், அவள் பெயரில் யாருக்காவது உதவுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

அந்த நபரோடு நடந்த உரையாடல்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, உங்கள் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உறக்கமும் உணவும் கெட்டிருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.