தென்னாப்பிரிக்காவில் புரொஃபெஷனல் இன்ஜினியர் பதிவு: பரீட்சை உண்டா, எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம் சார். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் 2015-ல் பி.இ. சிவில் முடித்தேன். சென்னையில் இரண்டு வருடம், அப்புறம் டர்பனில் ஆறு வருடமாகச் சாலை, மழைநீர் வடிகால் வேலை. 'எக்ஸா' (தென்னாப்பிரிக்க இன்ஜினியரிங் கவுன்சில்) பதிவு இல்லாமல் இனி பதவி உயர்வு கிடையாது என்கிறார் மேனேஜர். பரீட்சை எழுத வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, பணம் கொடுத்தால் ரிப்போர்ட் எழுதித் தர ஆள் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: பரீட்சை பயத்தை முதலில் விடுங்கள். பரீட்சை என்று உங்களிடம் சொன்னவர் மனதில் இருப்பது அனேகமாக அமெரிக்க நடைமுறையாக இருக்கும். அங்கேதான் எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வில் 110 கேள்விகள், அப்புறம் புரொஃபெஷனல் இன்ஜினியர் (சிவில்) தேர்வில் 80 கேள்விகள். அதற்கும் டர்பனுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே எழுத்துத் தேர்வு என்று இருப்பது ஜி.சி.சி. எனப்படும் அரசுத் தகுதிச் சான்றிதழுக்கு. அது தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் இயந்திரப் பொறுப்பு ஏற்கும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கு. சிவில்காரரான உங்களுக்கு அது வேண்டாம்.

எக்ஸா பார்ப்பது உங்கள் வேலையைத்தான். புரொஃபெஷனல் இன்ஜினியருக்கு 11 தகுதிகளை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். சிக்கலான பிரச்சினையை அலசுவது, அதற்குத் தீர்வு வடிவமைப்பது, வேலையை நிர்வகிப்பது, சட்டம், சுற்றுச்சூழல், தொழில் நேர்மை, தொடர்ந்து கற்பது என்று போகும் அந்தப் பட்டியல். இவை எல்லாவற்றுக்கும் உங்கள் அனுபவ அறிக்கைகளில் சான்று இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு நேர்காணல்.

உங்கள் மேனேஜர் திடீரென்று அவசரப்படுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. எக்ஸாவுக்கு அதிகாரம் தருவது 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் எண் சட்டம். ஆனால் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யலாம் என்ற வேலைகள் எவை எவை என்ற அறிவிக்கை 2021 மார்ச்சில்தான் அரசிதழில் வந்தது. 2024 மே மாதம் இங்குள்ள ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து 34 பேர் இறந்த பிறகு, கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்கு என்ன தகுதி என்ற கேள்வி எல்லா அலுவலகத்திலும் சூடாகிவிட்டது.

இனி உங்கள் பட்டம். இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தென்னாப்பிரிக்கா 1999 முதலும், இந்தியா 2014 ஜூன் முதலும் வாஷிங்டன் உடன்படிக்கையில் (ஒரு நாடு அங்கீகரித்த இன்ஜினியரிங் பட்டத்தை மற்ற நாடுகளும் ஏற்பதற்கானது) முழு உறுப்பினர்கள். ஆகவே இந்திய பி.இ. எல்லாம் இங்கே செல்லும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடையாது. இந்தியாவில் படிப்புகளை அங்கீகரிக்கும் வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரத்தில் டயர்-1, டயர்-2 என்று இரண்டு வகை. டயர்-1 பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. உடன்படிக்கை அதற்கு மட்டும்தான் பொருந்தும். சாதாரண இணைப்புக் கல்லூரிகளுக்கு டயர்-2. நீங்கள் படித்த காலத்தில் உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றிருந்ததா, உங்கள் சிவில் பிரிவுக்கு அந்த வருடத்தில் டயர்-1 இருந்ததா என்று பாருங்கள். கல்லூரிக்கு இருந்தால் போதாது, பிரிவுக்கு இருக்க வேண்டும்.

இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் பட்டத்தை எக்ஸா தனியாக எடுத்து மதிப்பிடும். பாடவாரியாக என்ன படித்தீர்கள் என்று பார்ப்பார்கள் என்பதால், மதிப்பெண் பட்டியலோடு அந்த வருடத்துப் பாடத்திட்டத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்காக சாக்வா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் வாங்கிய சான்றிதழைக் காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சாக்வா சொல்வது உங்கள் பட்டம் இந்த நாட்டுத் தகுதி ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டுமே. இன்ஜினியராகப் பதிவு செய்ய அது போதுமா என்று முடிவு செய்வது எக்ஸா.

மதிப்பீட்டில் உங்கள் பட்டம் புரொஃபெஷனல் இன்ஜினியர் அளவுக்கு வரவில்லை, அதற்கு அடுத்த படியான டெக்னாலஜிஸ்ட் பிரிவுக்குத்தான் பொருந்துகிறது என்று வந்தால்? முகத்தைத் தொங்கப்போடாமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதுவும் சட்டப்படி முழுப் பதிவுதான். வடிகால், சாலை வேலைகளில் டெக்னாலஜிஸ்ட் பதிவோடு பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் டர்பனில் நிறைய. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த நம் ஆட்களில் பலர் அந்த வழியில் போனவர்கள்தான்.

சரி, அறிக்கைக்கு வருவோம். அங்கீகாரம் உள்ள பட்டம் என்றால் படிப்புக்குப் பின் குறைந்தது மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், மற்றவர்களுக்குக் கூடும். உங்களுக்கு வருடம் ஒரு பிரச்சினை இல்லை. அந்த வருடங்களில் உங்கள் பொறுப்பு எப்படி வளர்ந்தது என்பதுதான் விஷயம். பொறுப்பை ஏ முதல் இ வரை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் பக்கத்தில் நின்று பார்த்தவர். இ என்றால், மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டாலும், வேலையைத் தானே முடிவெடுத்துச் செய்தவர். எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அறிக்கை முழுக்க சி நிலையிலேயே நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம் ஊர் ஆட்களுக்கு 'நான்' என்று எழுதக் கை கூசும். 'கல்வெர்ட் (சிறுபாலம்) வடிவமைப்புப் பணி குழுவினரால் மேற்கொள்ளப்பட்டது' என்று அடக்கமாக எழுதுவார்கள். இதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு நீங்கள் அங்கே டீ வாங்கிக் கொடுத்தீர்களா, கணக்குப் போட்டீர்களா என்று தெரியாது. 2022 ஏப்ரல் வெள்ளம் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதே, அதற்குப் பின் டர்பனில் வடிகால் வேலை பார்த்த உங்களிடம் எழுத விஷயம் இல்லாமலா போகும்? ஒரு மாதிரி சொல்கிறேன்: 'பழைய 900 மி.மீ. குழாய் 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைத் தாங்காது என்று கணக்கிட்டேன். பக்கத்தில் இன்னொரு குழாய் பதிப்பதா, பாக்ஸ் கல்வெர்ட்டா என்று இரண்டையும் ஒப்பிட்டேன். குறுக்கே கழிவுநீர்க் குழாய் போவதால் பள்ளத்தை ஆழப்படுத்த வழியில்லை. உயரம் குறைந்த பாக்ஸ் கல்வெர்ட்டைப் பரிந்துரைத்தேன். கீழ்ப்பக்கம் டர்பனுக்கே உரிய பெரியா (Berea) செம்மணல், தண்ணீர் வேகத்தில் எளிதில் அரிக்கும் என்பதால் வெளிவாயில் கல் நிரப்பிய கேபியன் கம்பிக் கூடைகளைச் சேர்த்தேன்.' இந்த நாலு வரியில் அலசல், தேர்வு, காரணம், சுற்றுப்புறப் பாதிப்பு எல்லாம் வந்துவிட்டன. செலவு ஏன் கூடியது, நகராட்சி என்ன ஆட்சேபம் சொன்னது, நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது. தவறிப்போன முடிவையும் எழுதலாம், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சேர்த்து.

அதனால்தான் ரிப்போர்ட் எழுதித் தரும் ஆசாமி பக்கம் போக வேண்டாம் என்கிறேன். காசு போவது சின்ன நஷ்டம். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் துறையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 'ஏன் இந்த வெள்ள அளவை எடுத்தீர்கள்?' என்று கேட்டதும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். தவிர, 11 தகுதிகளில் தொழில் நேர்மையும் ஒன்று. அடுத்தவர் எழுதியதில் உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்பினால் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டீர்கள். மொழி திருத்த ஒரு நண்பரிடம் காட்டுவது வேறு, அதில் தப்பில்லை.

ஆன்லைனில் விண்ணப்பிப்பது பெரிய வித்தையில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் கவனம். பட்டச் சான்றிதழில் 'கா. செந்தில்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக விரிந்திருக்கும், இங்கே வேலை ஒப்பந்தத்தில் இரண்டும் தலைகீழாக மாறியிருக்கும். நமக்கு இது சர்வசாதாரணம். இங்குள்ள எழுத்தருக்கு இவை மூன்று பேர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து இணைத்துவிடுங்கள். நகல்களுக்குச் சான்றொப்பம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே கேண்டிடேட் (பயிற்சி நிலை) இன்ஜினியராகவும் பதிந்துவிடலாம், பட்டம் எந்தப் பிரிவுக்கு என்று தெரிந்ததும். கேண்டிடேட், பதிவு பெற்றவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்வதால், உங்கள் அலுவலகம் ஒரு வழிகாட்டியை ஒதுக்கியே ஆக வேண்டிய நிலை வரும். சி.பி.டி. எனப்படும் தொடர் தொழில் கற்றலுக்கான புள்ளிகளைச் சேகரிக்கும் பழக்கமும் இப்போதே தொடங்கட்டும்: பதிவு கிடைத்தபின் ஐந்து வருடத்துக்கு 25 சி.பி.டி. புள்ளி காட்டினால்தான் அது நீடிக்கும்.

கடைசியாக, சென்னை வேலை. இந்தியாவில் இதுபோல் சட்டப்படி கட்டாயமான பதிவு இல்லாததால் உங்கள் பழைய மேலாளரிடம் பதிவு எண் இருக்காது. 'இரண்டு வருடம் நன்றாக வேலை பார்த்தார்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் பயனில்லை. எந்தத் திட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, உங்கள் பொறுப்பு என்ன என்று விவரமாக, கையெழுத்தும் பதவியும் தொடர்பு எண்ணும் சேர்த்து வாங்குங்கள். அவர் வேலை மாறிவிட்டாலோ ஓய்வு பெற்றுவிட்டாலோ பிடிப்பது கஷ்டம். பாடத்திட்டம் கேட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போதே அவருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.