பட்டி ஒன்று, மீன் இரண்டு

கடிதம்:
வணக்கம் ஐயா. புறாத்தீவில் முகமூடி போட்டு நீந்தும்போது விரல் நீளத்தில் இரண்டு மீன் கண்டோம். வெள்ளை உடம்பு, முதுகில் நாலு கறுப்புப் பட்டி. படகுக்காரர் பேத்தைக் குஞ்சு என்றார். மகனுக்கு அதைப் பிடித்து ஊதவைத்துப் பார்க்க ஆசை. செய்யலாமா?
வாசகர், உப்புவெளி

பதில்:
வணக்கம். குஞ்சில்லை, அதன் வளர்த்தியே அவ்வளவுதான். கந்திகாஸ்டர் வாலண்டினி என்ற கூர்மூக்குப் பேத்தை, மிஞ்சினால் 11 சென்ரிமீற்றர்.

ஆனால் இரண்டும் பேத்தைதானா? பட்டியை விட்டுச் செட்டையைப் பாருங்கள். பேத்தையின் முதுகுச் செட்டை வாலுக்குக் கிட்ட, சின்னதாக ஒன்றே ஒன்று. அதே பட்டியோடு திரியும் கிளாத்தி ஒன்று உண்டு. அதன் செட்டை முதுகின் பின்பாதியில் நீளமாக ஓடும், அடிப்பக்கமும் அப்படியே. கண்ணுக்கு மேலே ஒரு முள்ளும் இருக்கும். மடக்கி வைத்திருந்தால் தெரியாது. கிளாத்தியில் நஞ்சில்லை. நஞ்சுக்குப் பயந்து பேத்தையைத் தொடாத பெரிய மீன்கள் இதையும் விட்டுவிடும், அதற்காகத்தான் இந்த வேஷம்.

பேத்தை அவசரமில்லாமல் நீந்துவதும் நஞ்சின் தெம்பில்தான். முட்டைக்குக் காவல்கூட வைப்பதில்லை. பெட்டை ஒரு பாசிக் கொத்தைத் தெரிந்து முட்டையிடும், ஆண் வந்துபோகும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது மற்ற மீன்கள் அந்த முட்டையைத் தின்ன விரும்பவில்லை. மூன்று முதல் ஐந்து நாளில், பொழுதுபடும் நேரம் பொரிக்கும். ஓர் ஆணின் எல்லைக்குள் ஏழு பெட்டை வரை இருக்கலாம். முட்டையிடுவது பாசியில் என்பதால், தேடுவதானால் உயிர் முருகையை மட்டும் பார்க்காமல், பாசி படர்ந்த செத்த முருகைக்கல்லையும் பாருங்கள். மேயும் இடமும் அதுதான்.

ஊதவைப்பது வேண்டாம். தண்ணீருக்குள் தண்ணீரை விழுங்கி ஊதும். வெளியே எடுத்தால் காற்றை விழுங்கும். அது லேசில் வெளியேறாது, மீன் வயிறு மேலாக மிதந்தே செத்துப்போகலாம். தவறி அப்படி ஆனால், தண்ணீருக்குள்ளேயே வாய் மேலே இருக்கும்படி மெதுவாகப் பிடித்துக் காற்றுக் குமிழி வரும்வரை பொறுங்கள். விரலை வாய்க்கு முன்னால் நீட்டவேண்டாம்: நாலு பல்லும் சேர்ந்து கிளியலகு மாதிரி. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் பிடிக்கவே கூடாது.

கறிக்கும் ஆகாது. பேத்தையின் நஞ்சான ரெட்ரோடொட்டொக்சின் கொதித்தாலும் பொரித்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. யாராவது தின்று உதடு விறைத்தால், மூச்சு அடங்குமுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்றுவார்கள்.