வாசகர் கேள்வி–பதில்: அன்றாடப் படங்களுக்கு எந்தக் கேமரா?

கேள்வி: ஐயா, இரண்டு வயதுப் பேத்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறேன். பகலில் எடுப்பவை நன்றாக வருகின்றன. மாலையில் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் எடுப்பவை கலங்கிப் போகின்றன. சிறிய டிஜிட்டல் கேமரா வாங்க ஆயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 20 மெகாபிக்சலும் 30 மடங்கு ஜூமும் உள்ள ஒன்றைக் காட்டினார். அதை வாங்கலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: அம்மா, அதை வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை வெளிச்சம் போதாததால் வருவது. கடைக்காரர் காட்டிய கேமரா அந்தக் குறையைப் போக்காது, சில வேளைகளில் கூட்டவும் செய்யும்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஓடியாடும் குழந்தை படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால், ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, ஒரு வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும். இரவில் விளக்குகளை எல்லாம் போட்ட அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், எஃப் 2 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் இருந்தால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது), ஒளியை உணரும் திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 800 அளவில் அந்த வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடலாம். அதே இடத்தில் ஜூமை நீட்டி, லென்ஸ் எஃப் 5.6க்குமேல் திறக்காத நிலைக்கு வந்துவிட்டால், உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அதை ஈடுகட்டக் கேமரா ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்துகிறது, அல்லது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. முதல் வழியில் படம் முழுவதும் புள்ளி புள்ளியாகிறது, இரண்டாவது வழியில் குழந்தையின் கை கலைந்து போகிறது. நீங்கள் பார்த்த கலங்கல் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதோடு சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லின், அளவையும் பார்க்க வேண்டும். 30 மடங்கு ஜூமைச் சட்டைப்பைக் கேமராவுக்குள் அடக்குவதற்காகப் பெரும்பாலும் 1/2.3 அங்குலச் சென்சாரைத்தான் பொருத்துகிறார்கள். அது சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இன்றைய உயர்விலைக் கைப்பேசிகள் பலவற்றின் முதன்மைக் கேமராவிலேயே இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. ஆகவே தூரத்துப் பறவையையோ மேடையில் ஆடும் பிள்ளையையோ கிட்டே இழுப்பது தவிர, வேறு எதிலும் அந்தக் கேமரா கைப்பேசியை மிஞ்சாது.

நீங்கள் கேட்க வேண்டியது 1 அங்குலச் சென்சார் கொண்ட கேமரா. அதன் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பளவில் முன்னதைவிட நான்கு மடங்கு. கேனன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜி7 எக்ஸ் மார்க் 3 இந்த வகையைச் சேர்ந்தது. அதன் ஜூம் 4.2 மடங்குதான், ஆனால் லென்ஸ் எஃப் 1.8இல் தொடங்கி, முழுவதும் நீட்டிய பிறகும் எஃப் 2.8 வரை திறக்கிறது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாவது மாடலும் அதே எஃப் 1.8–2.8 லென்ஸ் உடையது. அதைப் பழைய கேமராக்கள் விற்கும் கடையில் நல்ல நிலையில் கண்டால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அதே வரிசையின் ஏழாவது மாடலின் ஜூம் 200 மில்லிமீட்டர் குவியத்தூரம் வரை நீள்கிறது, அதாவது தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டே இழுக்கும். ஆனால் அதற்காக லென்ஸின் திறப்பு எஃப் 2.8–4.5 ஆகச் சுருங்கிவிட்டது. உங்கள் தேவைக்கு விலை குறைந்த மூன்றாவது மாடலே பொருத்தம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ரிக்கோ ஜிஆர் 3 இவற்றைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்டது, எடையும் 257 கிராம்தான். ஆனால் அதில் ஜூம் கிடையாது, பிளாஷும் கிடையாது. நடந்து நடந்து படம் எடுப்பவர்களுக்கு அது அருமையான கருவி. மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு ஒரு கையால் படம் எடுக்கும் பாட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 4ஆர் (6க்கு 4 அங்குலம்) அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும், ஏ4 தாளுக்கும் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இருப்பது நல்லது. ஆனால் அது உங்கள் கையின் அசைவைத்தான் சரிசெய்யும், பேத்தியின் ஓட்டத்தை அன்று. கோயிலில் பிளாஷைத் தவிர்ப்பதே முறை. தைப்பூச நாளில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் விடியுமுன் காவடிகள் புறப்படும்போது இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுக்க எஃப் 1.8 லென்ஸ் பெரிதும் கைகொடுக்கும். அங்கே மிக அருகில்தான் நிற்போம் என்பதால் நீண்ட ஜூமுக்கு வேலையே இல்லை.

கடைக்குப் போகும்போது படங்களைச் சேமிக்கும் எஸ்டி அட்டை ஒன்றைச் சொந்தமாகக் கொண்டு செல்லுங்கள். கடையின் பிரகாசமான விளக்குகளுக்குக் கீழே எந்தக் கேமராவும் அழகாகப் படம் எடுக்கும். ஆகவே நிழலான மூலை ஒன்றில், உடன் வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி, ஒரே காட்சியை இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்து, வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன், 2005ஆம் ஆண்டுவாக்கில் வந்த பழைய கேமராவை, தனிநபர்கள் பொருள் விற்கும் கரோசல் இணையத்தளத்தில் பார்த்து, அதன் வண்ணம்தான் பிடித்திருக்கிறது என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வாங்கித் தரலாம். அந்தக் கேமராக்களில் உள்ள சிசிடி என்னும் பழைய வகைச் சென்சாரும் கூச வைக்கும் பிளாஷும் தருகிற தோற்றம் இளையர்களுக்குப் பிடித்திருப்பதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பணம் கொடுக்குமுன் அட்டையைக் கவனியுங்கள். 4 ஜிபி முதலான எஸ்டிஎச்சி அட்டைகள் 2006இல்தான் வந்தன; அதற்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டி அட்டையை மட்டுமே ஏற்கும். ஒலிம்பஸ், ஃபூஜிஃபிலிம் கேமராக்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி என்னும் வேறு வகை அட்டை தேவை; அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. அட்டை, பேட்டரி, சார்ஜர் மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்ளப்படும்; இல்லையென்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும், அதன் வயதையும் விலையையும் கருத்தில் கொண்டு, இந்தப் பாதுகாப்பு உண்டு. தனிநபரிடம் வாங்கினால் இல்லை. ஆகவே விற்பவரை நேரில் சந்தித்து, லென்ஸ் தடையின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அலமாரியில் வைத்திருந்த கேமராவின் லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலப் படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. என்ன செய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அது பூஞ்சை. கண்ணாடிக்கு உட்புறத்தில் படர்ந்திருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. சிறிய கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாததால், பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி கேமராவின் மதிப்பையே தாண்டிவிடலாம். முதலில் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கேமராவுக்கு 40 முதல் 50 விழுக்காடு போதும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளையும் ஈரப்பதம் காட்டும் சிறு மானியையும் போட்டு, அதற்குள் கேமராவை வையுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்காமல் அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படிந்தால் துணியால் தேய்க்காமல், கேமரா வெளிச் சூட்டுக்கு வரும்வரை பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டுவிடுங்கள்.