கஞ்சாவுக்கும் பில் உண்டா?

கேள்வி: டென்வரில் மகள் வீட்டுக்குப் போய் வந்தேன். அங்கே கஞ்சாவைக் கடையில் பில் போட்டு விற்கிறார்கள். அந்த வரியில் பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம். நம் சட்டமன்றமும் இப்படி ஒரு சட்டம் போட்டால் கஜானா நிரம்பாதா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: பள்ளிக்கூடம் கட்டுவது நிஜம்தான். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில் 2012இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடை திறந்தது. பயிரிடுபவரிடமிருந்து கடைக்கு வரும்போது 15 சதவீதம், நீங்கள் வாங்கும்போது இன்னொரு 15, அதற்கு மேல் உள்ளூர் வரி. இன்னொரு மாநிலமான இல்லினாய்ஸில் 2019இல் சட்டமன்றமே சட்டம் போட்டது. அங்கே வீரியத்துக்கு ஏற்ப வரி: போதை தரும் சத்து 35 சதவீதம் வரை என்றால் வரி 10 சதவீதம், தாண்டினால் 25, கஞ்சா கலந்த மிட்டாய் வகைக்கு 20. வணிகவரி அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். தேங்காய் எண்ணெய் தலைக்குத் தேய்க்கவா, தாளிக்கவா என்று பிரிக்கவே நாங்கள் பட்ட பாடு போதும்!

ஆனால் 2021இல் 42 கோடி டாலருக்கு மேல் வசூலித்த கொலராடோவில் அப்புறம் இறங்குமுகம். பக்கத்து நியூ மெக்சிகோவும் 2022இல் கடை திறந்துவிட்டது. கலிபோர்னியாவோ, உரிமம் வாங்கிப் பயிரிட்டவர்கள் கள்ளச் சரக்கோடு போட்டி போட முடியாமல் தவிக்க, அதே வருஷம் சாகுபடி வரியையே எடுத்துவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாரிமுனையில் ஒரு மளிகை மண்டி. மேஜை மேலே பில் புக், அடியில் துண்டுச்சீட்டுக் கட்டு. "பில்லோட வேணுமா சார், பில் இல்லாமலா?" என்று, சோதனைக்குப் போன என்னிடமே ஆள் தெரியாமல் கேட்டார் முதலாளி.

நம்மூர் கதைக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 51ஆவது இனத்தைப் பாருங்கள். மது, அபினோடு கஞ்சாச் செடிக்கும் ஆயத்தீர்வை போடும் அதிகாரம் மாநிலத்துக்குத்தான். பேனா கோட்டையில் இருக்கிறது. சரக்கை மட்டும் 1985ஆம் வருஷத்து மத்திய போதைப்பொருள் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் மத்தியச் சட்டம் தடுக்கத்தான் செய்கிறது. மாநிலங்கள் அதை மீறி நடத்துகின்றன. பல வங்கிகள் ஒதுங்கிக்கொள்வதால் கடைகளில் ரொக்கம்தான் அதிகம் புழங்குகிறது.

பூட்டைத் திறந்தாலும் நான் கை தூக்க மாட்டேன். டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையில் இறங்கியது. மூடுவோம் என்ற பேச்சு எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்? வரி வாங்குகிறவனுக்கு விற்பனை குறையக் கூடாது என்ற ஆசை தானாக வரும். எனக்கே வந்திருக்கிறது, ஒவ்வொரு மார்ச் மாதமும்.

கேள்வி: மாப்பிள்ளை அந்த மிட்டாயில் நாலு கொண்டு வரட்டுமா என்கிறார். (அதே வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். டென்வர் விமான நிலையத்திலேயே வைத்திருக்கத் தடை. மீனம்பாக்கத்தில் மாட்டினால், சிறு அளவுக்கே ஒரு வருஷம் வரை சிறை. கடை பில்லைக் காட்டினால் அதையும் சாட்சியமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.